ஐஸ் மீன்பிடி சோனரை எப்படிச் சரிசெய்வது? நாளை காலை வேலை, உதவுங்கோ

உப்புவெளிப் பெடியன்: திருகோணமலைச் சொந்தங்களே, கனடாவில் உறைந்த சிம்கோ ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்க ஐஸ் குடில் வாடகைக்கு விடுபவரிடம் வேலை கிடைத்திருக்கிறது. விடிய ஆட்கள் வருகிறார்கள். மீன் தேடும் சோனரைக் கையில் தந்து “சரிசெய்து வை” என்றுவிட்டு முதலாளி போய்விட்டார். திரை முழுக்கப் புள்ளியும் கோடும்தான். தூண்டில் எது, மீன் எது என்று விளங்கவில்லை. அப்பாவின் வள்ளத்தில் இருந்ததை நன்றாகப் பாவித்திருக்கிறேன், இது அப்படியில்லை. வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஸ்காபரோ அண்ணை: தம்பி, சோனர் கிடக்கட்டும், ஐஸின் தடிப்பைப் பார்த்தீரா? நடந்துபோகத் தெளிந்த ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான். கால் நனையாத சப்பாத்து வாங்கும். முதல் மாரியில் பஸ்ஸுக்கு நின்ற நிற்பை நினைத்தால் எனக்கு இப்பவும் கால் விறைக்கிறது. சொல்லித்தர அப்போது ஒருவரும் இல்லை.

குச்சவெளியான்: நான் இன்னும் ஊரில்தான். திருமலைக் கடலில் கரையைவிட்டுக் கொஞ்சம் போனாலே ஆழம் திடீரென்று இறங்கிவிடும். சோனர் ஒலியை 50 கிலோஹெர்ட்ஸில் வைத்து, சென்சிட்டிவிட்டியை, அதாவது எதிரொலியைப் பிடிக்கிற நுண்மையை, முழுக்க ஏற்றி, மற்றதை ஓட்டோ மோடில் விட்டால் எல்லாம் தெரியும்.

மிசிசாகா அக்கா: அது ஆழ்கடலுக்குச் சரி. ஏரியில் அப்படி வைத்தால் தண்ணீரில் மிதக்கிற தூசியும் மீன்போலத் தெரியும்.

மூதூரான்: இரண்டு நிமிடம் காட்டிக்கொடுத்தால் அந்த முதலாளிக்கு என்ன குறைந்துவிடும்? எனக்கும் இதுதான் நடந்தது. எங்கே போனாலும் கனேடிய அனுபவம் கேட்பார்கள், அனுபவம் எடுக்க விடமாட்டார்கள். சம்பளத்தில் பாதி நிலவறை வாடகைக்கே போய்விடும்.

ஸ்காபரோ அண்ணை: ஓம், அந்த வாடகை இருக்கிறதே! நாங்கள் ஒரே அறையில் நாலு பேர். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் கட்டில் ஆறினதே இல்லை.

மிசிசாகா அக்கா: அண்ணை, பெடியனுக்கு விடிய வேலை. தம்பி, ஆழம் எவ்வளவு? ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிற ட்ரான்ஸ்டியூசர் எங்கே நிற்கிறது? பக்கத்தில் வேறு சோனர் ஓடுகிறதா?

உப்புவெளிப் பெடியன்: 30 அடி இருக்கும் அக்கா. ட்ரான்ஸ்டியூசர் துளைக்குள்ளே, ஐஸ் மட்டத்தில் நிற்கிறது. குடில்கள் நெருக்கம், எல்லாவற்றிலும் சோனர். மெனுவில் உப்புநீர் என்று காட்டுகிறது.

மிசிசாகா அக்கா: அப்ப சரி. முதலில் நன்னீருக்கு மாற்றுங்கோ. ட்ரான்ஸ்டியூசரை ஐஸின் அடிப்பக்கத்துக்குக் கீழே இறக்கி, நேர் செங்குத்தாகத் தொங்கவிடுங்கோ. துளைச் சுவரில் பட்டு வரும் எதிரொலிதான் பாதிக் குழப்பம்.

வள்ளம் ஓடும்போது திரையில் நகர்வது கடந்துவந்த அடித்தரை. இங்கே நீங்கள் அசையவில்லை. அதனால் வலது ஓரத்தில் தெரிவது மட்டும்தான் இந்த நொடி, மற்றதெல்லாம் போன நேரம். இந்த நொடியைக் காட்டுகிற ஃப்ளாஷர் மோடு அல்லது ஐஸ் மோடுக்குப் போங்கோ. மீன் படம் காட்டுகிற வசதியை நிறுத்துங்கோ, அது தூண்டிலையும் மீன் என்று காட்டும். ஆழத்தை ஓட்டோவில் விடாமல் 0 முதல் 40 அடி என்று நீங்களே வையுங்கோ.

இனித் தூண்டிலைப் பத்தடிக்கு இறக்கிப் பிடியுங்கோ. சென்சிட்டிவிட்டியை நன்றாகக் குறைத்து, பிறகு மெல்ல மெல்ல ஏற்றுங்கோ. மெல்லிய, நிலையான கோடு ஒன்று தெரிந்ததும் நிறுத்துங்கோ. தடியை உயர்த்தினால் கூடவே உயருகிற கோடு உங்கள் தூண்டில். அடியிலிருந்து அதை நோக்கி இன்னொரு கோடு ஏறி வந்தால், அதுதான் மீன். சோனர் ஒலி கீழே கூம்புபோல விரியும். மீன் அந்தக் கூம்பின் ஓரத்தில் நின்றால் மெல்லிசாக, நடுவுக்கு வரத் தடிப்பாகத் தெரியும்.

கூம்பு இரண்டு இருந்தால், 20 பாகையில் 30 அடி ஆழத்தில் பத்தடி அகலம் தெரியும், 9 பாகையில் ஐந்தடிகூட வராது. அகலமானதில் மீனைத் தேடி, வந்ததும் ஒடுக்கமானதுக்கு மாறுங்கோ.

குச்சவெளியான்: அகலமானதையே வைத்திருந்தால் என்ன, கூட மீன் தெரியுமே?

மிசிசாகா அக்கா: தெரியும், ஆனால் ஐந்தடி தள்ளி நிற்கிற மீன் உங்கள் இரையைக் கடிக்காது. தம்பி, ஈய பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், இரவு வீட்டுக்குள் வைத்து முழுக்க ஏற்றுங்கோ. லித்தியம் என்றால் உறைந்த நிலையில் சார்ஜ் போடக்கூடாது. நீங்களும் தூண்டில் போடப் போகிறீர்கள் என்றால் உரிமம் வேண்டும். ஒன்ராறியோவில் ஆறு மாதம் தொடர்ந்து இருந்திருக்காவிட்டால் அதை உள்ளூர்க்காரரின் கட்டணத்தில் எடுக்கமுடியாது.

உப்புவெளிப் பெடியன்: அக்கா, தூண்டில் தெரிகிறது! உயர்த்தினால் கூடவே வருகிறது. ஆனால் திரை முழுக்க இன்னும் கோடுகள் சிமிட்டுகின்றன.

மிசிசாகா அக்கா: அது பக்கத்துச் சோனர்களின் சத்தம். குறுக்கீடு குறைக்கும் அமைப்பை ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கோ. தூண்டில் கோடு மங்கத் தொடங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கோ.