அப்பத்தா நினைவு அட்டை: எந்தக் குறள்?

குமார் சித்தப்பா: பதினாறாம் நாள் காரியத்துக்கான அட்டை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அம்மாவின் படத்துக்குக் கீழே என்ன போடுவது?

ராமசாமி பெரியப்பா: "தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள் பெய்யெனப் பெய்யும் மழை" என்னும் 55ஆம் குறளையே போடலாம்; வேறு தெய்வம் தொழாமல் கணவனையே தொழுதெழுபவள் பெய்யென்றால் மழை பெய்யும். வள்ளுவரைப் "பொய்யில் புலவன்" என்று போற்றி, மணிமேகலையில் சாத்தனாரே இதை எடுத்தாண்டிருக்கிறார் என்றால், இந்த இலக்கணம் நம்மிடையே எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

செல்வி அத்தை: அம்மாவா கொழுநனைத் தொழுதார்? அப்பா கம்பம் ஊரிலேயே தங்கிவிட்ட ஆண்டுகளில் நமக்குச் சோறு போட்டது அம்மாவின் இட்லிக்கடை, அண்ணே.

குமார் சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், அக்கா.

மீனா: பெரியப்பா, அந்தக் குறள் மணிமேகலையில் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். காவிரியில் நீராடித் திரும்பும் மருதி என்ற பெண்ணை இளவரசன் வழிமறித்து அழைக்கிறான். நான் செய்த பிழை என்ன என்று அவள் நாற்சந்திக் காவல் தெய்வமான சதுக்கப்பூதத்திடம் அழுகிறாள். பூதமோ, பிறர் வாயிலிருந்து கதையும் விடுகதையும் கேட்டாய், முழவொலிக்கும் விழாக்களை விரும்பினாய், பிற தெய்வங்களைத் தொழுதாய், ஆகவே நீ ஏவினால் மழை பெய்யாது என்று இந்தக் குறளைச் சொல்லிக் காட்டுகிறது. அவனைப் பிறகு தந்தையே கொல்கிறான் என்றாலும், கணக்கு முதலில் கேட்கப்பட்டது அவளிடம்தான்.

செல்வி அத்தை: அப்படியானால் அம்மாவுக்குத் தூறல்கூட விழாது. அழகர் எதிர்சேவையை ஒரு சித்திரையிலும் விட்டவரில்லை. விடுகதை போட ஆரம்பித்தால் விடிய விடிய ஓயமாட்டார்.

லட்சுமி சித்தி: சமையல்காரர் வடைக் கணக்குக் கேட்கிறார்.

ராமசாமி பெரியப்பா: கண்ணகியைப் பார், செல்வி. காமவேள் கோட்டம், அதாவது மன்மதன் கோயில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது, "பீடன்று", அது பெருமையில்லை என்று மறுத்தவள் அவள்.

மீனா: அதே கண்ணகிதான் மதுரையில் கோவலனுக்குச் சமைத்துப் பரிமாறிய பின், "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். தாத்தா திரும்பி வந்த அன்று அப்பத்தாவும் இலை போட்டுவிட்டுத்தான் கேட்டாராம். "கற்பு நிலையென்று சொல்லவந்தார், இரு கட்சிக்கும் அஃது பொதுவில் வைப்போம்" என்ற பாரதியின் கும்மி வரியைப் போடலாமே.

ராமசாமி பெரியப்பா: கருமாதி அட்டையில் கும்மிப் பாட்டா?

குமார் சித்தப்பா: குறள்தான் வேண்டுமென்றால் 56ஐப் போடுவோம். "தற்காத்து" என்று அது தன்னைக் காப்பதில்தான் தொடங்குகிறது.

செல்வி அத்தை: எனக்குச் சம்மதம். "தகைசான்ற சொற்காத்து" என்ற இடத்தில் மட்டும் அம்மா கொஞ்சம் இடிப்பார்.

ராமசாமி பெரியப்பா: 55ஐ அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மாற்ற வேண்டுமென்றால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

செல்வி அத்தை: பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், அண்ணே. படத்தையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.