300 எப்படி 450 ஆகும்? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

வட ஆற்காட்டான் | காலை 6.10

நேற்று இந்தக் குழுவில் பாலாற்றங்கரை என்கிற பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தான். ஏரியில் பறவை எடுக்கணும், தை மாதம் மாடு விடும் விழா எடுக்கணும், கையில் அறுபதாயிரம் இருக்கிறது, செகண்ட் ஹேண்டானாலும் பரவாயில்லை, எந்த கேமரா வாங்கலாம் என்று. நியாயமான கேள்வி. அதற்கு மக்கன்பேடா என்கிற மேதை எழுதிய பதிலைப் பாருங்கள்: "கிராப் சென்சார் வாங்குங்க ப்ரோ. 300 எம்எம் லென்ஸ் மாட்டினா 450 ஆயிடும்."

ஆயிடுமாம்! ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஃபிலிம் சுருள் காலத்திலிருந்து கல்யாணம் எடுக்கிறவன் நான். லென்ஸின் மேல் குவியத் தூரம் 300 எம்எம் என்று பொறித்திருந்தால் அது 300தான். எதில் மாட்டினாலும் 300. அம்மிக்கல்லில் மாட்டினாலும் 300. கிராப் சென்சார் என்றால் படம் பதிகிற சில்லு சின்னது. ஓரத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் தருகிறது, அவ்வளவுதான். அதைத்தான் ஒன்றரையால் பெருக்கி 450 என்கிறான். சுவரில் ஒட்டின போஸ்டரின் ஓரத்தை மாடு தின்றுவிட்டால் நடுவில் இருக்கிற தலைவர் வளர்ந்துவிட்டாரா?

மக்கன்பேடா | 7.02

பெரியவரே, வணக்கம். நான் எழுதியது "450 மாதிரி ஆயிடும்". அந்த 'மாதிரி' எங்கே போச்சு? அதையும் மாடு தின்றுவிட்டதா?

வட ஆற்காட்டான் | 7.04

'மாதிரி' இல்லை. ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். 6.55-க்குத்தான் திருத்தியிருக்கிறாய். கீழேயே 'திருத்தப்பட்டது' என்று போட்டிருக்கிறது.

மக்கன்பேடா | 7.05

எழுத்துப்பிழை திருத்தினேன்.

அகழிமுதலை | 7.31

பேரணாம்பட்டுப் பக்கம் கவுண்டின்யா காட்டிலிருந்து யானை இறங்குகிறதே, அதற்கு எத்தனை எம்எம் வேணும்? என் கணக்கில் இரண்டு கால் இருந்தால் போதும், ஓடுவதற்கு.

குடியாத்தம் டி500 | 8.15

300, 450 என்று எண்ணைப் பிடித்துத் தொங்குவதை விட்டுவிட்டுப் பறவையைப் பாருங்கள். அண்ணன் வைத்திருப்பது நிக்கான் டி750. முழுச் சென்சார், 36-க்கு 24 மில்லிமீட்டர், மொத்தம் 2 கோடியே 43 லட்சம் பிக்சல். தூரத்துப் பறவைக்காக நடுவைக் கிராப் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது ஒரு கோடிச் சொச்சம். என் டி500 கிராப், அதன் சென்சாரே அந்த நடுப்பகுதி அளவுதான், அதற்குள்ளேயே 2 கோடியே 9 லட்சம். ஒரே லென்ஸ், ஒரே கிளை, ஒரே பறவை. என் படத்தில் இறகின் மேல் இரண்டு மடங்கு புள்ளி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, ஃபோகஸ் புள்ளி. டி750-இல் 51 புள்ளியும் நடுவில் கோழி அடைகாத்த மாதிரி குவிந்து கிடக்கும். டி500-இல் 153, இடமிருந்து வலம் கிட்டத்தட்ட ஓரம் வரைக்கும். நொடிக்கு 10 படம். மோர்தானா அணையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றது. 200-500 லென்ஸ் மாட்டியிருந்தேன். தலையைக் குனிந்து தண்ணீரையே பார்க்கிறது, உடம்பு அசையவில்லை, இறக்கை மட்டும் ஆடுகிறது. சட்டென்று மடங்கி விழுந்தது. விழத் தொடங்கியதும் அது படத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது, ஃபோகஸ் விடவே இல்லை. முழுச் சென்சார் வைத்திருந்தவர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு வட்டமாகத் தண்ணீர் அலை மட்டும் கிடைத்தது. அவர் யார் என்று சொல்ல மாட்டேன்.

வட ஆற்காட்டான் | 8.22

நானேதான். சொல்லு, பயமா? அன்று பேட்டரி தீர்ந்துவிட்டது.

அந்த மீன்கொத்திப் படத்தையும் பார்த்தேன் தம்பி. ஐஎஸ்ஓ 3200. கழுத்து வெள்ளையில் மணல் கொட்டின மாதிரி நாய்ஸ். பாலாற்றில் காணாமல் போன மணலெல்லாம் உன் படத்தில்தான் இருக்கிறது போல. முழுச் சென்சாரின் பரப்பு இரண்டேகால் மடங்கு, படம் முழுக்க அந்த அளவு வெளிச்சம் கூடச் சேரும். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிக்சல்தான் கணக்கென்றால் டி850-ஐ எடுத்துக்கொள். 4 கோடியே 57 லட்சம். கிராப் அளவுக்கு வெட்டினாலும் 1 கோடியே 94 லட்சம் நிற்கும். உன் டி500-இன் பெருமை அங்கேயே முடிந்தது. எப்படியானாலும் 300, 300தான்.

குடியாத்தம் டி500 | 8.24

டி850 உங்களிடம் இருக்கிறதா?

வட ஆற்காட்டான் | 8.25

பேச்சு அதைப் பற்றி இல்லை.

குடியாத்தம் டி500 | 8.26

வேண்டிய அளவு வெட்டிய பிறகு அந்த இரண்டேகால் மடங்கு வெளிச்சமும் வெட்டுப்பட்டுப் போய்விடும். அதையும் சொல்லுங்கள் அண்ணே.

வட ஆற்காட்டான் | 8.26

நான் வெட்ட மாட்டேன். கிட்டே போய் எடுப்பேன்.

அகழிமுதலை | 8.40

பேட்டரி இருந்தால்.

மக்கன்பேடா | 9.10

300, 300தான் என்றால் ஒரு கேள்வி. கையில் பிடித்து எடுக்கும்போது நடுக்கம் தெரியாமல் இருக்க ஷட்டர் வேகம் 1/300-க்குக் குறையக் கூடாது என்று பழைய கணக்கு. கிராப்பில் 1/450 வைக்கச் சொல்கிறார்களே, ஏன்? மாறவே மாறாத 300-க்கு நடுக்கம் மட்டும் எப்படிக் கூடுகிறது?

வட ஆற்காட்டான் | 9.13

என் கை நடுங்காது.

அதை விடு. 450 ஆகிறதென்றால் எஃப் 5.6-ம் 8.4 ஆகணுமே? நீளத்தை மட்டும் ஒன்றரையால் பெருக்குவாய், துவாரத்தைப் பெருக்க மாட்டாயா? பின்னணி கரைவதில் உன் 300 எஃப் 5.6, முழுச் சென்சாரில் 450 எஃப் 8.4 போலத்தான் இருக்கும். லாபத்தை மட்டும் எழுதி நட்டத்தை மறைக்கிற கணக்குப்பிள்ளை வேலை.

மக்கன்பேடா | 9.15

"போலத்தான்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'போல' என்றாலும் 'மாதிரி' என்றாலும் ஒன்றுதான்.

வட ஆற்காட்டான் | 9.15

இல்லை.

பாலாற்றங்கரை | 9.50

அண்ணன்களுக்கு வணக்கம். கேள்வி கேட்டவன் நான்தான். டி7500 ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது, வாங்கலாமா?

ஒரு விஷயம். போன வருடம் நண்பனின் கிராப் கேமரா, 70-300 லென்ஸை வாங்கிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் ஒரு ஊருக்கு ஜல்லிக்கட்டு எடுக்கப் போனேன். சவுக்குக் கம்பு கட்டின தடுப்புக்குப் பின்னால் இடம் கிடைத்தது. தூரத்தில் மாடு கிளம்பினபோது 300-இல் அருமையாகத் தெரிந்தது, நெற்றிச் சலங்கை, கொம்பில் கட்டின பலூன் எல்லாம். மூன்று படம் எடுப்பதற்குள் எதிரே வந்துவிட்டது. 70-க்குத் திருப்பினேன், அப்படியும் அடங்கவில்லை. கடைசிப் படத்தில் ஒரு கண்ணும் மூக்கணாங்கயிறும்தான் இருக்கிறது. மாட்டுக்காரர் படம் கேட்டார். காட்டினேன். "இது யார் மாடு?" என்றார்.

வட ஆற்காட்டான் | 9.58

தம்பி, முதலில் அது ஜல்லிக்கட்டு இல்லை. எருது விடும் விழா. இங்கே யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டு, எல்லையைத் தொட எத்தனை நொடி என்று கணக்கெடுப்பார்கள். குறைந்த நொடிக்குப் பரிசு. மதுரைக்காரன் வார்த்தையை இங்கே கொண்டு வராதே. வட ஆற்காட்டில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

அகழிமுதலை | 10.04

வட ஆற்காடு என்று ஒரு மாவட்டமே இல்லை ஐயா. 1989-லேயே திருவண்ணாமலையைப் பிரித்தார்கள். மிச்சத்தை 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக வெட்டினார்கள். அரசாங்கமே கிராப் செய்துவிட்டது. நீங்கள்தான் இன்னும் முழுச் சென்சாரில் இருக்கிறீர்கள்.

வட ஆற்காட்டான் | 10.06

வெட்டினால் ஊர் பெரிதாகிவிட்டதா? அதேதான் நான் காலையிலிருந்து சொல்வது.

ஏலகிரி மூடுபனி | 10.30

எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? டி500-ஐ 2022-இல் நிறுத்தியாகிவிட்டது. அந்த வருடமே கேனான் ஆர்7 வந்தது. கிராப் சென்சார், 3 கோடியே 25 லட்சம் பிக்சல், மின் ஷட்டரில் நொடிக்கு 30 படம், பறவையின் கண்ணைத் தானாகவே கண்டுபிடிக்கும். ஒன்றரைகூட இல்லை, 1.6 மடங்கு. 300 வாங்கினால் 480!

வட ஆற்காட்டான் | 10.31

இன்னொருத்தன் வந்துவிட்டான். இப்போது 480 ஆகிவிட்டது. சாயங்காலத்துக்குள் 600 ஆகிவிடும்.

குடியாத்தம் டி500 | 10.37

ஆர்7-இன் மின் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே மெதுவாகத்தான் படிக்கும். பாய்கிற மாட்டை அதில் எடுத்தால் கால் ஒருபக்கம் சாய்ந்து, கொம்பு இன்னொரு பக்கம் வளைந்து வரும். இயந்திர ஷட்டரில் 15 படம், அது நன்றாகவே இருக்கும். 30 என்று பீற்றிக்கொள்ளாதீர்கள்.

ஏலகிரி மூடுபனி | 10.39

டி500 வைத்திருக்கிறவருக்கு வயிற்றெரிச்சல்.

கரிகிரிப்பானை | 11.20

எல்லாரும் பறவையிலேயே நிற்கிறீர்கள், அதனால் ஒரு வார்த்தை. கல்லூரிக்காக ராத்திரி கபடி, வாலிபால் எடுக்கிறேன். அங்கே 300-ம் வேண்டாம், 450-ம் வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்காரலாம். கிராப் பாடியில் 85 எம்எம் எஃப் 1.8 போதும். 1/800 வைக்க வெளிச்சம் கிடைக்கும், விலையும் குறைவு.

ராத்திரி ஆட்டத்தில் உண்மையான தொல்லை விளக்கு. மைதானத்து விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். வரிசையாக எட்டுப் படம் எடுத்தால் ஒன்று வெளுப்பு, ஒன்று இருட்டு, ஒன்றில் பாதி மஞ்சள். துடிப்பு உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து ஷட்டரைத் திறக்கிற வசதி 2014-இல் கேனான் 7டி மார்க் 2-இல் வந்தது, டி500-இலும் உண்டு. வாங்குகிறவர் அதைப் பார்த்து வாங்கட்டும்.

ஏரிக்குப் போனால் காலை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். காவேரிப்பாக்கம் ஏரியில் பதினொரு மணிக்கு அக்கரை நாரையை எடுத்தேன், 600 எம்எம். தண்ணீருக்கு மேல் கானல் ஆடுகிறது. ஐம்பது படத்தில் ஒன்றுகூடக் கூர்மை இல்லை, நாரை தண்ணீருக்குள் கரைந்த மாதிரி. வேலூர் வெயிலில் எந்தச் சென்சாரும் ஒன்றுதான்.

வட ஆற்காட்டான் | 11.26

நல்லது தம்பி. ஆனால் 85 எம்எம் என்றாயே, அது கிராப்பில் 85-ஆ, 127-ஆ? அதைச் சொல்லாமல் நழுவுகிறாய்.

கரிகிரிப்பானை | 11.28

முதலில் நான் தம்பி இல்லை. அப்புறம், அது எவ்வளவு என்று நான் யோசித்ததே இல்லை. ஆள் அடங்குகிறான், எடுக்கிறேன்.

வட ஆற்காட்டான் | 11.29

மன்னிக்கணும் தங்கச்சி. ஆனால் அது 85தான்.

மக்கன்பேடா | 11.30

127 மாதிரி.

குடியாத்தம் டி500 | 12.10

யாரும் பையனுக்குப் பதில் சொல்லவில்லை. தம்பி, டி7500 வாங்கு. டி500-இன் அதே 2 கோடியே 9 லட்சம் பிக்சல் சென்சார், நொடிக்கு 8 படம். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பார். லென்ஸில் டார்ச் அடித்துப் பார், உள்ளே ஃபங்கஸ் இருக்கும்.

வட ஆற்காட்டான் | 12.13

ஃபங்கஸ் பற்றி யார் பேசுவது என்று ஒரு முறை இருக்கிறது. போன ஐப்பசி மழையில் என் 70-200-ஐ "இரண்டு நாளில் தருகிறேன் அண்ணே" என்று வாங்கிப்போய் மாசி மாதம் கொண்டுவந்து தந்தவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். உள்ளே சிலந்தி வலை. பெயர் சொல்ல மாட்டேன்.

குடியாத்தம் டி500 | 12.14

வாங்கும்போதே இருந்தது. உங்கள் கடை வாசலிலேயே டார்ச் அடித்துக் காட்டினேன். "அது தூசு" என்றீர்கள்.

வட ஆற்காட்டான் | 12.14

தூசுதான் இருந்தது. உன் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்ததில்தான் ஃபங்கஸ் ஆனது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுக் கொடுத்தேன், அதைக்கூடத் திருப்பித் தரவில்லை.

குடியாத்தம் டி500 | 12.16

பொட்டலத்தையா கேட்கிறீர்கள்? நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன்.

ஏலகிரி மூடுபனி | 12.20

ஆர்7-க்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.

பாலாற்றங்கரை | மாலை 6.45

அண்ணே, கடைக்குப் போய் டி7500-க்கு ஐந்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஷட்டர் 41 ஆயிரம் காட்டியது. டார்ச்சும் அடித்துப் பார்த்தேன், சுத்தம். கூடவே 70-300 லென்ஸும் தருகிறார். கடைக்காரர் நல்ல மனிதர், எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "இது கிராப் பாடி சார், இந்த 300 உங்களுக்கு 450 ஆயிடும்" என்றார்.

வட ஆற்காட்டான் | 6.46

எந்தக் கடை?

வட ஆற்காட்டான் | 6.46

பெயரைச் சொல் தம்பி. காட்பாடி ரோட்டிலா, ஆற்காடு ரோட்டிலா? காலையில் நேரில் போகிறேன்.

மக்கன்பேடா | 6.49

தம்பி, நன்றாக யோசித்துச் சொல். அவர் "450 ஆயிடும்" என்றாரா, "450 மாதிரி ஆயிடும்" என்றாரா?