முகக்கவசம் அணிந்து விருந்தினரிடம் பேசும்போது கனிவு எப்படித் தெரியும்?

கேள்வி: வரவேற்பு மேசை

வணக்கம். நடுத்தர விடுதி ஒன்றில் முன் அலுவலக மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறேன். கொரோனாக் காலத்தில் தொடங்கிய முகக்கவச விதியை எங்கள் நிர்வாகம் முழுவதுமாகக் கைவிடவில்லை. சளிக்காய்ச்சல் பரவும் மாதங்களில் ரிசப்ஷன், உணவகம், ஹவுஸ்கீப்பிங் ஆகிய மூன்று பிரிவினரும் பணிநேரம் முழுவதும் முகக்கவசம் அணிந்தாக வேண்டும். அந்த மாதங்களில் மட்டும் கருத்துப் படிவங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: பணியாளர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பாதி முகம் துணிக்குள் இருக்கும்போது எந்த முகத்தைக் கொடுப்பது என்று எங்கள் பிள்ளைகள் வேடிக்கையாகக் கேட்கிறார்கள். ஆனாலும் குறையைத் தள்ளிவிட முடியவில்லை. மற்ற மாதங்களில் நல்ல பெயர் எடுக்கும் ஒரு பெண், அதே சொற்களை அதே வரிசையில்தான் சொல்கிறார். அவரைத்தான் இரண்டு படிவங்களில் கடுகடுப்பானவர் என்று எழுதியிருக்கிறார்கள். "கண்களால் சிரியுங்கள்" என்று பயிற்சியில் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மூன்று பேர் புருவத்தைத் தூக்கி, கண்களை அகல விரித்து, வருகிறவர்களைப் பேயைக் கண்டவர்கள் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நடைமுறையில் பயன்பட்ட வழி எதுவும் உங்களிடம் உண்டா? உதடு தெரியும்படியான ஒளிபுகும் முகக்கவசம் வாங்கலாமா என்றும் நிர்வாகம் கேட்கிறது.

பதில் 1: பழைய கேப்டன்

கண்களால் சிரிக்கச் சொன்னதில் தவறில்லை. கண்ணிலிருந்து தொடங்கச் சொன்னதுதான் தவறு. வாயோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் இயங்கும் என்று பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன் 1862-இல் எழுதினார். பலரால் அந்தத் தசையையும் வேண்டுமென்றே இயக்க முடியும் என்பது பின்னால் தெரியவந்தது. நமக்கு வேண்டியது வேறொன்று: நிறைவாகச் சிரிக்கும்போது கன்னம் மேலேறி, கீழிமை உயர்ந்து, கண் சற்றுச் சுருங்கும். விரியாது. முகக்கவசத்துக்குள் வாயால் முழுமையாகச் சிரித்தால் கண் தானாகப் பின்தொடரும். யாருக்கும் தெரியப்போவதில்லை என்று பலர் உள்ளே சிரிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிரித்தால் முகக்கவசத்தின் மேல்விளிம்பு கன்னத்தோடு சேர்ந்து ஒரு நூலளவு உயரும். கண்ணாடி முன்னால் நிற்கவைத்து அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இருந்தாலும் சிரிப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஜெர்மனியில் கிளாஸ்-கிறிஸ்டியன் கார்பன் என்ற உளவியலாளர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முகக்கவசம் அணிந்த மகிழ்ச்சியான முகங்களைப் பார்த்தவர்கள் பல நேரங்களில் உணர்ச்சியற்ற முகங்கள் என்றே கணித்தார்கள். உங்கள் பணியாளர் சிரித்திருப்பார். பார்த்தவருக்கு அவர் சும்மா நிற்பதாகவே பட்டிருக்கும். ஆகவே உடம்பின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கை வேலையை நிறுத்த வேண்டும், பிறகு தலை நிமிர வேண்டும், தோளும் விருந்தினர் பக்கம் திரும்பிய பிறகே பேச்சு வர வேண்டும். நான் உணவகத்தில் கேப்டனாக, அதாவது பரிமாறுபவர்களின் மேற்பார்வையாளராக, இருந்த காலத்தில், அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டே மெனுவை நீட்டுகிற ஸ்டூவர்டுகளைக்கூட அவர்களின் சிரிப்பு காப்பாற்றிவிடும். முகக்கவசம் வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அந்தப் பெண் கீபோர்டில் தட்டிக்கொண்டே "நல்வரவு" சொல்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.

பதில் 2: குரல் பயிற்சியாளர்

கேப்டன் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கடுகடுப்பு என்ற புகார் முகத்தால் வந்ததைவிடக் குரலால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. 2020-இல் செய்யப்பட்ட அளவீடு ஒன்றில், 2,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைச் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் 3 முதல் 4 டெசிபல் வரையும், என்-95 வகை ஏறத்தாழ 12 டெசிபல் வரையும் குறைத்தன. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எனவே பேச்சு காதில் விழும், சொல் பிடிபடாது. விருந்தினர் "என்ன?" என்று கேட்பார், பணியாளர் அதையே உரக்கச் சொல்வார், மூன்றாம் முறை சொல்லும்போது அது அதட்டல்போல ஒலிக்கும். இத்தனைக்கும் அதட்டும் எண்ணம் அவருக்குத் துளியும் இருக்காது.

உரத்துப் பேசுவதற்குப் பதிலாக மெதுவாகப் பேசவும், இரண்டாம் முறை அதே வாக்கியத்தைச் சொல்லாமல் வேறு சொற்களில் மாற்றிச் சொல்லவும் பழக்குங்கள். தமிழில் பேசும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. முடிவைச் சொல்லும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. முகக்கவசத்துக்குள் மூச்சும் அங்கேதான் குறைகிறது. "காலை உணவு இந்த வாடகையில் அடங்காது" என்பதில் கடைசிச் சொல் தேய்ந்துவிட்டால், கேட்டவர் அடங்கும் என்றே எடுத்துக்கொண்டு மறுநாள் பில்லைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி விட்டு, அதை முழு மூச்சோடு சொன்னால் போதும்.

அறை எண்ணையும் இப்படித்தான். நான் பயிற்சி அளித்த ஓர் இடத்தில் "போர் பிப்டீன்" என்று சொன்னதைப் "போர் பிப்டி" என்று கேட்டுக்கொண்ட முதியவர் ஒருவர், இரவு பதினொரு மணிக்கு வேறொருவர் அறைக் கதவில் கார்டைத் தேய்த்துக்கொண்டு நின்றார். நான்கு, ஒன்று, ஐந்து என்று தனித்தனியாகச் சொல்லி, கார்டின் உறையில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

ஒளிபுகும் முகக்கவசத்தைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிளாஸ்டிக் சாளரம் வைத்தவை உயர் அதிர்வெண் ஒலிகளை அதிகம் தடுத்தன. அறுவைசிகிச்சை முகக்கவசம் குறைவாகத் தடுத்தவற்றில் ஒன்று. உதடு தெரியும், ஒலி மங்கும்.

பதில் 3: ஒற்றைக் காது

நான் மேசைக்கு மறுபக்கம் நிற்பவன். ஒரு காதில் கருவி அணிகிறேன். மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வேன். ஓரளவேனும் செவித்திறன் குறைந்தவர்கள் உலகில் 150 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. ஆகவே உங்கள் லாபிக்கு நாள்தோறும் எங்களில் சிலர் வருகிறோம், சொல்லிக்கொள்வதில்லை. நன்றாகக் காது கேட்பவர்களும் உதட்டைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். "ப" என்ற ஒலியோடு "க" என்று அசையும் உதட்டைக் காட்டினால் பலருக்கு "ட" போன்ற ஒலி கேட்கிறது என்று மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் 1976-இல் காட்டினார்கள்.

நான் தங்கிய விடுதி ஒன்றில் ரிசப்ஷனில் இருந்த பெண், நான் இரண்டாம் முறை கேட்டதுமே, பாட்டு ஒலிக்கும் ஸ்பீக்கருக்குக் கீழிருந்து மேசையின் மறுமுனைக்கு என்னை அழைத்துப் போனார். பதிவுப் படிவத்தை என் பக்கமாகத் திருப்பிவைத்து, பேசப்பேசப் பேனா முனையை அந்தந்த வரியின் கீழே நகர்த்திக்கொண்டு வந்தார். கிளம்பும் நேரத்தை மட்டும் ஓரத்தில் எழுதி வட்டமிட்டார். அவர் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவரை அடையாளம் கண்டுகொண்டது அந்தக் கையை வைத்துத்தான்.

நேர்மாறான அனுபவமும் உண்டு. எதையோ சொன்னார்கள், புரியவில்லை, மறுபடி கேட்டேன். "ஒன்றுமில்லை சார், விடுங்கள்" என்றார்கள். சலிப்பில்லாமல், சிரித்துக்கொண்டேகூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதைவிடக் குளிர்ந்த சொல் வேறில்லை. இன்னொன்று, எங்களுக்காக முகக்கவசத்தைக் கீழே இறக்கிப் பேசாதீர்கள். நல்லெண்ணம்தான், ஆனால் விதியை மீறச்செய்த சங்கடம் எங்கள் தலையில் விழுகிறது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

பதில் 4: படம் ஒட்டி

சின்ன யோசனை. 2014-இல் லைபீரியாவில் எபோலா பரவியபோது, உடல் முழுவதும் மூடிய பாதுகாப்பு உடையில் இருந்த மருத்துவப் பணியாளர்களின் சிரித்த முகப் படத்தை அந்த உடையின் மேலேயே ஒட்டும் திட்டத்தை மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் முன்னெடுத்தார். பெயர் அட்டையில் அதுபோலச் சிரிக்கும் படம் ஒன்றைப் பெரிதாக வைக்கலாம். அடையாள அட்டைக்கு எடுத்த விறைப்பான படம் வேண்டாம். அது இருக்கும் கடுப்பையும் கூட்டிவிடும்.

மீண்டும் கேள்வி கேட்டவர்: வரவேற்பு மேசை

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் அந்தப் பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் மூவர் சொன்னதும் அங்கே இருந்தது. யாரும் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடி அணிபவர். முகக்கவசத்தின் மேல்விளிம்பு வழியாக மூச்சு ஏறி, பேசத் தொடங்கியதும் கண்ணாடி பனிமூடிப் போகிறது. அதனால் தலையைக் குனிந்து, கண்ணாடிக்கு மேலாக, புருவம் சுருங்க விருந்தினரைப் பார்க்கிறார். படிவங்களில் எழுதியிருந்த கடுகடுப்பு அதுதான். இத்தனை நாள் அவருக்குக் குரலும் சிரிப்பும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூக்குத் தண்டில் அழுந்தப் பதியும் கம்பி வைத்த முகக்கவசங்களை வரவழைத்திருக்கிறேன். மானிட்டரைப் பக்கவாட்டிலிருந்து நேரே நகர்த்தியாயிற்று. லாபிப் பாட்டின் ஒலியைக் குறைத்தாயிற்று. அறை எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்வது நேற்று முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒளிபுகும் முகக்கவசம் இப்போதைக்கு வேண்டாம் என்றும், மேசைக்கு ஒரு எழுதுபலகை வாங்கலாம் என்றும் நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

உணவகம்தான் பாக்கி. ஆர்டரைத் திருப்பிச் சொல்லும்போது விருந்தினர்கள் கேட்காமலேயே தலையசைத்துவிடுகிறார்கள். ஒவ்வாமை இருப்பவர் விஷயத்தில் அந்தத் தலையசைப்பை நம்ப எனக்குத் துணிவில்லை. கேப்டன் ஐயா, அங்கே எழுதிக் காட்டுவதை எந்தக் கட்டத்தில் வைத்துக்கொள்வீர்கள்?

பதில்: பழைய கேப்டன்

ஆர்டர் எடுத்து முடித்ததும், சமையலறைக்குப் போவதற்கு முன். தாளை மேசையில் வைத்து, ஒவ்வாமை வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நில்லுங்கள். அவர் படித்து நிமிர்ந்து பார்க்கும்வரை விரலை எடுக்காதீர்கள்.