தாராக் கால் சேறும் டார்வினின் கரண்டியும்

அலைகரை: "இலங்கையின் வன்னிக் குளங்களின் கோரையெல்லாம் காட்டுத்தாரா (காட்டு வாத்து) காலில் கொண்டுவந்து விதைத்தது, டார்வினே நிரூபித்துவிட்டார்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். டார்வின் சோதித்தது தாராக் கால் சேற்றையா? குளத்தோரச் சேற்றை, ஐயா. கரண்டியால் அள்ளினது.

வன்னேரியான்: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்ல என்ன கூச்சம்? மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை ஆறு மாதம் மூடி வைத்தார், 537 செடி முளைத்தது. அந்தச் சேற்றில்தானே தாரா நிற்குது?

அலைகரை: நிற்கட்டும். அள்ளினது கரண்டி. அப்புறம், முளைத்ததை எண்ணி எண்ணிப் பிடுங்கியும் விட்டார். 537இல் எது வேரூன்றி நிலைத்தது?

துருசு: காலை விடுங்கோ. தாரா தின்னும் விதையில் பெரும்பகுதி இரைப்பையில் அரைபட்டுப்போகும். கோரை விதை மாதிரிச் சின்னதாய், கெட்டியாய் இருப்பதில் கொஞ்சம் தப்பி, சில மணி நேரத்தில் எச்சத்தோடு விழும். அதற்குள் தாரா அடுத்த குளத்தில் நிற்கும்.

அலைகரை: எச்சத்தை யார் கேட்டது? நான் கேட்டது கரண்டி.

வன்னேரியான்: போன வருடம் வளவில் மீன்குட்டை வெட்டினேன். ஒரு கோரை இல்லாத காணி. மாரி முடிய ஓரமெல்லாம் முழங்கால் உயரம். தாரா இறங்கினதை என் கண்ணால் கண்டேன்.

அலைகரை: வெட்டின பெக்கோ, அந்த மண் தோண்டும் இயந்திரம், அதற்கு முதல் எந்தக் குளத்தில் நின்றது? வாளியில் காய்ந்து ஒட்டியிருந்த சேறு எத்தனை கரண்டி வரும்?

வன்னேரியான்: கனடாவில் இருந்துகொண்டு பெக்கோக் கதை சொல்லாதேங்கோ. முன்பு நாங்கள் இங்கே பிடித்த குரங்கு விவாதத்திலும் உங்களுக்கு இதே குணம்தான். கடைசிவரை பிழையை ஒத்துக்கொள்ளவில்லை.

அலைகரை: நான் இருப்பது கிளிநொச்சி வட்டக்கச்சி. 2018 மார்கழி வெள்ளம் என் வயலுக்குள் புகுந்தது, பின்னால் கோரையும் வந்தது. அதுக்கும் தாராவா பொறுப்பு? குரங்கு விஷயத்தில் பிழை உங்களுடையது.

குளக்கட்டான்: எங்கட குளத்தில் சல்வீனியா என்ற மிதக்கும் களை மூடிக் கிடக்குது. அதன் விதையும் தாரா கொண்டுவந்ததுதானோ?

துருசு: அண்ணை, அதுக்கு விதையே கிடையாது. தண்டு முறிந்து முறிந்துதான் பெருகும். துண்டு ஒன்று காலில் ஒட்டி வரலாம்.

வன்னேரியான்: பார்த்தீர்களா, கால்!

அலைகரை: துண்டு விதையா? நாங்கள் பேசுவது விதையைப் பற்றி.

வன்னேரியான்: நாளைக்கே ஒரு தாராவின் காலைக் கழுவிப் போத்தலில் கொண்டுவாறேன்.

அலைகரை: கொண்டுவாங்கோ. கரண்டியை வீட்டில் வைத்துவிட்டு வாங்கோ.

துருசு: எச்சத்தைப் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.