கிராஸ்கிளாக்னர் மலைச்சாலை: 48 கிலோமீட்டருக்கு இந்தச் சுங்கம் தகுமா?

இசார்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாக மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியின் ‘ஏ’ பிரிவு மோட்டார் சைக்கிள் உரிமம் சென்ற குளிர்காலத்தில்தான் கைக்கு வந்தது. செப்டம்பர் நடுவில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, 700 சிசி வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் உயர்மலைச் சாலைக்குப் போய்வர எண்ணியிருக்கிறோம்.

வரைபடத்தைப் பார்த்தால் அது 48 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. அதற்கு மோட்டார் சைக்கிளுக்கே முப்பது யூரோவுக்கு மேல் வாங்குகிறார்கள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் அதைவிட உயரமானது, பிராட் ஊர்ப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன, அங்கே ஒரு சல்லிக்காசு கேட்பதில்லை. அப்படியிருக்க, இந்தச் சாலைக்கு அவ்வளவு கொடுப்பது தகுமா? கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் கல்லட்டியின் 36 வளைவுகளிலும் ஓட்டிய பழக்கம் உண்டு. ஆனால் அது 150 சிசி வண்டி, பின்னால் ஆள் இல்லை, சாலையின் இடப்பக்கம். ஓட்டிப் பார்த்தவர்கள் வழி, நேரம், கவனிக்க வேண்டியவை பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பனிக்கோடு:

கட்டணத்தை 48 ஆல் வகுத்துப் பார்த்தால் எவருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அது ஒருநாள் சீட்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குத்தான் கட்டணம், பின்னால் இருப்பவருக்குத் தனியாக எதுவும் இல்லை. காலையில் சாவடி திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை அதே சீட்டில் மேலும் கீழும் ஓட்டலாம். காலை பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்து, வரிசையாகச் செல்லும் பேருந்துகளின் பின்னால் ஊர்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் மறுபக்கம் இறங்கிவிட்டுப் பணம் வீண் என்று எழுதுகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். அவர்களுடைய பணம் வீண்தான்.

சுங்கம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. தெற்கே போயாக வேண்டியவருக்கு இந்தச் சாலை இன்று தேவையே இல்லை. 1967 இல் ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதை திறந்தபிறகு ஆண்டு முழுவதும் மலைக்கு அடியிலேயே போய்விடலாம். 1930 இல், பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் இருந்த ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு, ஃபிரான்ஸ் வாலக் என்ற பொறியாளர் இதைக் கட்டத் தொடங்கினார். காட்சியைப் பார்க்க வருகிறவர்களுக்காக என்றே வளைவுகளையும் நிறுத்துமிடங்களையும் அவர் அமைத்தார். 1935 ஆகஸ்ட் 3 அன்று சாலை திறக்கப்பட்டது. மறுநாளே அதில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள். குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் சாலையிலிருந்து வசந்தத்தில் பல மீட்டர் உயரப் பனியை அகற்ற வேண்டும். தொடக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மண்வாரியால் வெட்டி எடுத்தார்கள். பின்னர் அதற்கென்று சுழல் இயந்திரங்களையும் வாலக்கே வடிவமைத்தார். 1953 இல் வந்த அந்த இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. நீங்கள் கொடுக்கும் யூரோக்கள் இதுபோன்ற பராமரிப்புக்கும் போகின்றன. தார் பரப்பின் தரத்தில் அது உங்களுக்குத் தெரியும்.

இனி, நாளை எப்படிச் செலவிடுவது என்பது. முந்தின இரவே செல் அம் சே ஏரிக்கரையிலோ புரூக் ஊரிலோ தங்குங்கள். செப்டம்பரில் விடியும்போது ஃபெர்லைட்டன் சுங்கச்சாவடியில் இருக்கும்படி கிளம்புங்கள். பேருந்துகள் ஒன்பதரை மணிக்குமேல்தான் மொய்க்கத் தொடங்கும். சாவடியில் ஓட்டுநர் கையுறையைக் கழற்றி, சட்டைப்பையைத் துழாவி, பின்னால் ஹாரன் ஒலிக்க, வண்டியைச் சாய்த்துக்கொண்டு தடுமாறுவதைவிடப் பின்னிருக்கையில் இருப்பவர் பணம் கட்டுவது எளிது. உங்கள் மனைவியின் கைப்பட்டைப் பையில் அட்டையை வைத்துவிடுங்கள். சீட்டையும் அவரே பத்திரப்படுத்தட்டும்.

சாவடி தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். செங்குத்தான இடங்களில் 12 விழுக்காடுவரை சரிவு இருக்கும். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 36, கல்லட்டியின் அதே எண்ணிக்கை. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. புரூக்கில் 760 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பவர், பிரதான சாலையின் உச்சியான ஹோக்டோரில் 2504 மீட்டரில் நிற்பார். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்று கணக்கிட்டால் மேலே பதினோரு டிகிரி குறையும். கீழே 15 டிகிரியில் இதமாகத் தோன்றும் மேலாடை, மேலே காற்றோடு சேர்ந்து கை விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும். மரத்த விரலால் கிளட்சை நுணுக்கமாக விட முடியாது. ஆகவே கனத்த கையுறை ஒரு ஜோடி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் இஞ்சினின் வலுவும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். இருவர் அமர்ந்த 700 சிசி வண்டியில் அதைத் தெளிவாக உணர்வீர்கள். வளைவுக்கு முன்பே ஒரு கியர் குறைத்துக்கொண்டால் போதும்.

உங்களுக்கென்று ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டியதால், நமக்கு இடது கொண்டை ஊசிதான் குறுகலானது, வலதுபக்கம் திரும்புவது விரிந்தது. இங்கே அப்படியே தலைகீழ். ஏற்றத்தில் வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில் உள்விளிம்பு மிகச் செங்குத்தாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அங்கேதான் வேகம் குறைந்து, இஞ்சின் நின்று, வண்டியோடு சாய்கிறார்கள். நுழைவதற்கு முன் நடுக்கோட்டை ஒட்டி வாருங்கள், கோட்டைத் தாண்டாதீர்கள், வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே சீரான வேகத்தில் திருப்புங்கள். முதல் கியருக்கு அஞ்ச வேண்டாம்.

எடெல்வைஸ் முனைக்குச் செல்லும் கிளைச்சாலை 2571 மீட்டர்வரை ஏறுகிறது. பிரதான சாலையைவிடச் செங்குத்து, குறுகல், முழுவதும் கல் பாவியது. ஈரமாக இருந்தால் அந்தக் கற்கள் எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். மேலே முப்பதுக்கும் மேற்பட்ட மூவாயிரம் மீட்டர் சிகரங்கள் ஒரே வட்டமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் தரை காயாமல் மனைவியோடு அதில் ஏறாதீர்கள். கீழே ஃபுஷர் டோர்லில் வண்டியை நிறுத்திவிட்டு, சாலை கட்டும்போது இறந்த தொழிலாளர்களுக்காகக் கிளமென்ஸ் ஹோல்ட்ஸ்மைஸ்டர் வடிவமைத்த நினைவிடத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். பதினொரு மணிக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும்.

சூரிச்வாசி:

பனிக்கோடு எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சுங்கத்தைப் பற்றி மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. சுவிட்சர்லாந்தில் ஃபுர்கா (2429 மீட்டர்), கிரிம்செல், சுஸ்டென் ஆகிய மூன்று கணவாய்களையும் ஒரே நாளில் வட்டமடித்து வரலாம், எதற்கும் கட்டணம் இல்லை, தார் பரப்பும் குறைந்ததல்ல. ஓட்டும் இன்பம்தான் நோக்கமென்றால் சுங்கச் சாலைக்குப் போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சுங்கம் கட்டியே தீருவது என்றால், என் தேர்வு டிம்மெல்ஸ்யோக். ஆஸ்திரியாவின் சோல்டன் பக்கத்திலிருந்து 2474 மீட்டர் உயரம்வரை ஏறி, இத்தாலியின் பாசையர் பள்ளத்தாக்கில் இறங்கும் அந்தச் சாலைக்குக் கிளாக்னரில் ஏறத்தாழப் பாதிக் கட்டணம்தான். அது உண்மையிலேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆஸ்திரியப் பகுதி 1959 இல் திறந்தும், இத்தாலியர் தம் பகுதியை 1968 இல்தான் திறந்தார்கள். அந்த வேறுபாடு இன்றைக்கும் சாலையில் தெரியும்: எல்லைவரை அகலமான, சீரான சாலை, அதன்பின் குறுகலான பழைய பாதையும், ஈரம் சொட்டும் இருண்ட சுரங்கமும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான்.

ஆனால் நான் எழுத வந்தது இறக்கத்தைப் பற்றி. ஆறு ஆண்டுகளுக்கு முன் மனைவியையும் இரண்டு பக்கப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஹோக்டோரிலிருந்து, சாலையின் தெற்கு முனையிலுள்ள ஹைலிகென்புளூட் ஊரை நோக்கி இறங்கினேன். காட்சியைப் பார்க்கும் ஆசையில் மூன்றாவது கியரிலேயே விட்டு, பின் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் மிதி திடீரென்று பஞ்சுபோல் அமுங்கி, அடிவரை போயிற்று. வண்டி வேகம் குறையவில்லை. முன் பிரேக்கையும் முதல் கியரையும் கொண்டு ஒருவாறு ஓரத்துக் கல்வெளியில் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் சூட்டில் பின் பிரேக் தட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அருகில் கை கொண்டுபோக முடியவில்லை. மனைவி தலைக்கவசத்தைக் கழற்றாமலே அரை மணி நேரம் ஒரு பாறையில் அமர்ந்திருந்தார். ஒரு சொல்கூடப் பேசவில்லை.

பிழை என்னுடையது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. புதிய டாட் 4 வகை பிரேக் எண்ணெய் 230 டிகிரிவரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழ்கள் உண்டாகும், மிதிக்கும்போது குமிழ்தான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. நான் நான்கு ஆண்டுகள் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருந்தேன். ஆகவே வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது பிரேக் எண்ணெய் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரில், இஞ்சினின் இழுவையிலேயே வாருங்கள். பிரேக்கை வளைவுக்கு முன் சற்று அழுத்தமாகப் பிடித்து முழுவதுமாக விட்டுவிடுங்கள்; இடைவிடாமல் தேய்த்துக்கொண்டு வராதீர்கள். கல்லட்டியில் இறங்கியவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் அங்கே 150 சிசி, இங்கே இரண்டு ஆள் கனமும் பெட்டிகளும்.

கணக்குப்பிள்ளை:

வழியையும் செலவையும் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மியூனிக்கிலிருந்து வருகிறவர் ஆஸ்திரிய நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான ஒட்டுவில்லை வாங்காமலே இந்தப் பயணத்தை முடிக்கலாம். ஜெர்மன் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. எல்லையைத் தாண்டி குஃப்ஸ்டைன் தெற்கு வெளிவழிவரை உள்ள சிறு பகுதிக்கு 2019 டிசம்பரிலிருந்து வில்லை தேவையில்லை. அங்கே இறங்கி செயின்ட் யோஹான் வழியாகச் செல் அம் சே போகலாம். திரும்பும்போது ஹைலிகென்புளூட்டிலிருந்து லீன்ஸ், மாட்ரை, ஃபெல்பர்டவர்ன் சுரங்கம், மிட்டர்சில், பாஸ் தூர்ன், கிட்ஸ்பூயல் என்று வட்டமாக வரலாம். சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. கிளாக்னர் சீட்டு அன்று முழுவதும் செல்லும் என்பதால், சுரங்கத்தை விட்டுவிட்டு அதே சாலையில் மாலையில் திரும்பி ஏறினால் அந்தப் பணம் மிச்சம், சாலையும் காலியாக இருக்கும்.

இரண்டு சட்ட விஷயங்கள். ஆஸ்திரியாவில் மோட்டார் சைக்கிளிலும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். வாடகை வண்டியின் இருக்கைக்கு அடியில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வேறொரு முறை திரோல் மாநிலத்தின் ராய்ட்டெ மாவட்டம் வழியாகப் போக நேர்ந்தால், நின்ற நிலை ஒலி 95 டெசிபெலுக்கு மேல் என்று பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டிகளுக்குக் கோடையில் அங்கே குறிப்பிட்ட சில சாலைகளில் 2020 முதல் தடை இருக்கிறது. சைலன்சரை மாற்றினீர்களா என்பது பொருட்டல்ல, புத்தகத்திலுள்ள எண்தான் பார்ப்பார்கள்.

இசார்க்கரை:

மூவருக்கும் நன்றி. சென்ற வாரம் போய்வந்தோம், எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆறரை மணிக்கு ஃபெர்லைட்டன் சாவடியில் எங்களுக்கு முன் ஒரே ஒரு கார்தான். பணம் கட்டும் பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டதால் நான் கையுறையைக் கழற்றவே இல்லை. வலப்பக்கக் கொண்டை ஊசியைப் பற்றிய எச்சரிக்கை இல்லாதிருந்தால் இரண்டாவது வளைவிலேயே வண்டியைச் சாய்த்திருப்பேன். இஞ்சின் இருமியது, முதல் கியர் காப்பாற்றியது. எடெல்வைஸ் முனையின் கற்கள் ஈரமாக இருந்ததால் காலையில் ஏறவில்லை.

கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் மேட்டுக்கு எட்டரை மணிக்கே போய்விட்டோம். பஸ்டெர்ட்சே பனியாற்றைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தது. 1963 இல் பனியின் விளிம்புவரை இறக்கிவிடுவதற்காகக் கட்டிய இழுவை ரயிலின் கீழ்நிலையம் இப்போது வெறும் பாறைச் சரிவில் நிற்கிறது, பனி அதற்கும் வெகு கீழே சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மர்மோட் என்ற மலை அணில் ஒன்று நடைபாதைச் சுவரில் ஏறி நின்று எங்கள் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, கொடுக்கவில்லை.

மதியம் ஹைலிகென்புளூட்டில் சாப்பிட்டுவிட்டு, கணக்குப்பிள்ளை சொன்னபடி சுரங்கத்தை விட்டு மாலை ஐந்து மணிக்கு அதே சீட்டைக் காட்டி மீண்டும் ஏறினோம். பேருந்துகள் போய்விட்டிருந்தன. முனையின் கற்கள் காய்ந்திருந்ததால் இம்முறை மேலேயும் போனோம். இறங்கும்போது ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது கியர். ஃபெர்லைட்டனில் நிறுத்தியதும் மனைவி குனிந்து பின் பிரேக் தட்டைப் பார்த்தார். சூரிச்வாசி எழுதியதை அவரும் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீலம் பாயவில்லை.