பவளக்காரத் தெருவில் பவளம் தேடிய கதை

தாம்பரத்தான்:
அம்மாவுக்குச் செவ்வாய் சரியில்லை, பவள மோதிரம் போடுங்கள் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பெயரிலேயே பவளம் இருக்கிறதே என்று சென்னை பாரிமுனையில் இறங்கி நேரே பவளக்காரத் தெருவுக்குப் போனேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தும் பேருக்கு ஒரு மணி கூடக் கண்ணில் படவில்லை. டீக்கடைப் பெரியவர் சிரித்துவிட்டு, "தம்பி, பவளம் வித்தவங்க போயே எத்தனையோ தலைமுறை ஆச்சு, நீ என்.எஸ்.சி. போஸ் ரோட்டுக்குப் போ" என்றார். அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத வியாபாரிகள் மத்தியதரைக்கடல் பவளத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே விற்று, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டார்கள், தெருவில் பவளம் மட்டும் ஒட்டிக்கொண்டது! உங்களுக்கும் இப்படி ஏமாந்த அனுபவம் உண்டா?

சிந்தாதிரிப்பேட்டை மருமகள்:
உண்டு அண்ணா. கல்யாணமாகி வந்த புதிதில் சிந்தாதிரிப்பேட்டை என்றால் ஏதோ சிந்தாமணி மாதிரி சாமி பெயர் என்றுதான் நினைத்தேன். சின்னத் தறிப்பேட்டையாம்! 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி வேண்டும் என்று நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றிய இடம். இப்போது எங்கள் பேட்டை என்றால் மீன் மார்க்கெட்தான், தறிச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பழைய கல்:
தொழிலை வைத்து இடத்துக்குப் பெயர் வைப்பது கம்பெனிக்காரன் தொடங்கிய வழக்கமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டிலேயே கம்மாணசேரி வருகிறது, கொல்லர், தச்சர் போன்ற கம்மாளர் குடியிருப்பு. ஆனால் எல்லாப் பெயரையும் தொழிலோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆர்மேனியன் தெருவை நம் ஆட்கள் அரண்மனைக்காரன் தெரு என்றே மாற்றிவிட்டார்கள், நானும் சின்ன வயதில் அங்கே போய் அரண்மனை எங்கே என்று அப்பாவை நச்சரித்தவன்தான். அவர் பழைய ஆர்மேனியன் சர்ச் ஒன்றைக் காட்டினார்.

ஓட்டேரி பையன்:
எங்க பக்கம் வாங்க, ஏமாற மாட்டீங்க. கொசப்பேட்டை. குயவரைப் பேச்சில் கொசவர் என்போம், அதிலிருந்து வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் கொசுப்பேட்டை என்று கிண்டல் செய்வார்கள், அது தனிக்கதை. பேர் சொன்ன தொழில் இன்னும் அங்கேதான் இருக்கிறது, விநாயகர் சதுர்த்தி வந்தால் நடக்க இடமிருக்காது, வாசலெல்லாம் ஈரக் களிமண் பிள்ளையார். போன வருடம் கொலுவுக்கு வாங்கிய செட்டியார் பொம்மையின் கை வழியிலேயே உடைந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோனதும் அந்த அம்மா திட்டிக்கொண்டே ஒட்டி, வர்ணமும் அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அது சரி, தாம்பரத்தான் அண்ணே, மோதிரம் வாங்கியாச்சா?

தாம்பரத்தான்:
எங்கே தம்பி! வேறொரு ஜோசியர் பவளம் வேண்டாம், முத்து போடுங்கள் என்கிறார். தயவுசெய்து யாரும் என்னை முத்தியால்பேட்டைக்குப் போகச் சொல்லாதீர்கள், பவளக்காரத் தெருவே அங்கேதான் இருக்கிறது.