பால்பவுடர் கம்பெனி நடத்தும் கூட்டத்தில் டாக்டர் இலவசமாகப் பேசலாமா?

தென்றல்மகள்: போன மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் ஒரு கூட்டம். செலவு முழுக்க ஒரு பால்பவுடர் கம்பெனியுடையது. பேசிய குழந்தை மருத்துவர் சல்லிக்காசு வாங்கவில்லை, நன்றாகவும் பேசினார். ஆனால் அவருக்குப் பின்னால் கம்பெனி பேனர். வாசலில் பெயர், போன் நம்பர், பிரசவ தேதி எழுதி வாங்கினார்கள். இது சரியா?

கோவை டாக்டர்: நானும் இப்படிப் பேசப் போகிறவன்தான். ஓ.பி.யில் ஒரு தாய்க்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதே கஷ்டம். அங்கே பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது, குழந்தையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று கேட்கிற அத்தனைக்கும் நிதானமாகப் பதில் சொல்கிறேன். பரிசு, பயணச் செலவு எதுவும் வாங்கக்கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009இல் விதி போட்டது. நான் வாங்கியதில்லை. எந்தப் பொருளின் பெயரையும் சொன்னதில்லை. தப்பு எங்கே இருக்கிறது?

ஓய்வுபெற்ற நர்ஸ்: நீங்கள் சொல்லவே வேண்டாம் டாக்டர், பேனர் சொல்லிவிடும். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகள் பற்றிய சட்டம் 1992இல் வந்து, 2003இல் இன்னும் இறுகியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உணவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரமே கூடாது. மருத்துவர் சங்கத்தின் கருத்தரங்குக்குக்கூட அந்தக் கம்பெனிகள் பணம் தரக்கூடாது.

கோவை டாக்டர்: தெரியும். பேனரில் இருப்பது இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பவுடர். அது அந்தச் சட்டத்துக்குள் வராது.

ஓய்வுபெற்ற நர்ஸ்: அங்கேதான் தந்திரம். அந்த டப்பாவையும் பிறந்த குழந்தைக்கான டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நிறம், அதே எழுத்து, எந்த வயதுக்கு என்று காட்டும் எண் மட்டும்தான் வேறு. நிறைமாத கர்ப்பிணிக்கு எதற்கு இரண்டு வயதுப் பிள்ளையின் பவுடர்? பிரசவமான பத்தாம் நாள் ராத்திரி குழந்தை விடாமல் அழும். பால் பத்தவில்லையோ என்று பயம் வரும். அப்போது அவளுக்கு ஞாபகம் வருவது உங்கள் முகமும் அந்த டப்பாவும்தான். பவுடர் கொடுக்கக் கொடுக்கக் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும், சுரப்பும் குறையும். அப்புறம் பால் நிஜமாகவே பத்தாது. நீங்கள் காசு வாங்காததால்தான் உங்கள் பேச்சுக்கு இத்தனை மதிப்பு. அந்த மதிப்பைத்தான் கம்பெனி எடுத்துக்கொள்கிறது.

மதுரைக்காரன்: சரி, டாக்டர் போகாவிட்டால் யூடியூபில் கண்டவர் சொல்வதைத்தானே கேட்பார்கள்? மண்டப வாடகை யார் கொடுப்பது?

தென்றல்மகள்: வாசலில் வாங்கிய பட்டியலை விட்டுவிட்டீர்களே. என் தங்கை அதில் எழுதிக்கொடுத்தாள். பிரசவமான வாரமே போன்: “பால் போதுமா இருக்கா மேடம்?”

கோவை டாக்டர்: பட்டியல் கூடாது, பேனர் கூடாது என்று நிபந்தனை போடலாம். போகவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற நர்ஸ்: போட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் மண்டபமே பிடிக்க மாட்டார்கள். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தடுப்பூசிக்குத் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாடகை கிடையாது. மாதம் ஒரு புதன் அரை மணி நேரம் பேசுங்கள், மெடிக்கல் ஆபீசரிடம் நான் கேட்கிறேன்.

கோவை டாக்டர்: காலையில் எனக்கு ஓ.பி. பதினோரு மணிக்கு மேல் தோதுப்படுமா என்று கேட்டுச் சொல்லுங்கள், வருகிறேன். கம்பெனி கூட்டம் பற்றி என் கருத்து மாறவில்லை.